ஐம்பது புள்ளிகளில் போதைக்கு எத்தனை?

எம்மவர் ஒரு மதுவகையைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது "எவ்வளவு ஏறும்?" என்பதுதான். கொழும்பாயினும் யாழ்ப்பாணமாயினும் ரொறன்ரோவாயினும் இக்கேள்வி மாறுவதில்லை. "சுவை எப்படி?" என்று கேட்பவரைச் சபை சற்று ஐயத்தோடு பார்க்கும். குடிப்பதைக் குறை கூறுவோரும் குடித்துப் பெருமை பேசுவோரும் இந்த ஒரு விடயத்தில் மட்டும் ஒன்றுபட்டிருக்கின்றனர். இரு சாராருக்கும் மது என்றால் போதை, வேறொன்றுமில்லை.

உலகின் பிற பகுதிகளில் கடந்த அரை நூற்றாண்டில் வேறொரு வழக்கம் வளர்ந்திருக்கிறது. பியரைத் தாமே காய்ச்சித் தமது மேசைகளிலேயே பரிமாறும் சிறு பியர்ச்சாலைகளும், அவற்றின் பியர்களைச் சுவைத்துப் புள்ளியிடுவோரும் அவ்வழக்கத்தின் இரு பக்கங்கள். 1971இல் இங்கிலாந்தில் மரபு வழிப் பியரைக் காப்பதற்கென நுகர்வோர் இயக்கமொன்று எழுந்தது. 1976இல் கலிபோர்னியாவில் 'நியூ அல்பியன்' என்ற சிறு பியர்ச்சாலை தோன்றியது. சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டாலும் பல நூறு பேருக்கு அது முன்மாதிரியாயிற்று.

இவ்வழக்கத்துக்கு மொழி தந்தவர்களில் முதன்மையானவர் மைக்கேல் ஜக்சன். பொப் பாடகர் அல்லர். 1942இல் யோக்ஷயரில் பிறந்து 2007இல் மறைந்த பத்திரிகையாளர். 1977இல் வெளிவந்த உலகப் பியர்கள் பற்றிய அவரது வழிகாட்டி நூல், பியரை அதன் ஊர், வகை, வரலாறு ஆகியவற்றோடு சேர்த்து எழுதிக் காட்டியது. எமது நாட்டின் லயன் ஸ்டவுட்டை உலகறியப் பாராட்டியவரும் இவரே. 1881இல் நுவரெலியாவில் ஆரம்பிக்கப்பட்ட நிறுவனத்தின் கரும் பியர் அது. அதன் மணத்தையும் சுவையையும் பற்றி ஓர் ஆங்கிலேயப் பத்திரிகையாளர் விரித்து எழுதிக்கொண்டிருந்தபோது, இங்கே நாம் அதன் மதுசார வீதமான 8.8ஐ மட்டுமே மனனம் செய்து வைத்திருந்தோம்!

புள்ளியிடுதல் என்றவுடன் பொழுதுபோக்கு விளையாட்டென எண்ணிவிடலாகாது. 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பியர் நடுவர்களுக்கான சான்றளிப்புத் திட்டம் பயன்படுத்தும் புள்ளித்தாளைப் பாருங்கள். மொத்தம் 50 புள்ளிகள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் மென்மைக்கும் 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. போதைக்கென ஒதுக்கப்பட்டது? ஒரு புள்ளியும் இல்லை. மதுசாரம் தொண்டையைச் சுடுமளவுக்கு முன்வந்து நின்றால், பெரும்பாலான பியர் வகைகளில் அது குறையாகவே கொள்ளப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூருக்குச் சென்றிருந்தபோது, நண்பர் ஒருவருடன் இந்திராநகரிலுள்ள ஒரு சிறு பியர்ச்சாலையில் இம்முறையைக் கைக்கொண்டு பார்த்தேன். நான்கு வகை, ஒவ்வொன்றும் நூறு மில்லிலீற்றர் அளவான சிறு கிண்ணங்களில். மென்மையானதிலிருந்து கசப்பானதை நோக்கிச் செல்ல வேண்டும். முதலில் முகர வேண்டும், பின்னரே பருக வேண்டும் என்பவை விதிகள்.

முதலாவது ஜேர்மானிய பாணிக் கோதுமைப் பியர். கலங்கிய பொன்னிறம். வாழைப்பழ மணமும் கராம்பு மணமும் ஒருங்கே எழுந்தன. பழமோ கராம்போ அதில் இடப்படுவதில்லை. நொதிக்கச் செய்யும் ஈஸ்டே இவ்விரு மணங்களையும் உண்டாக்குகிறது. நான் இட்டது 41. இரண்டாவது லாகர் வகை. பார்வைக்குப் பளிங்கு போன்றிருந்தது. முகர்ந்தால் வெண்ணெய் வாடை. நொதித்தலின்போது தோன்றும் ஒரு பொருளை ஈஸ்ட் மீண்டும் உள்ளிழுத்துக்கொள்வதற்குப் போதிய நாட்கள் அளிக்கப்படாவிட்டால் இவ்வாடை தங்கிவிடும். அவசரத்தின் வாடை அது. 26 புள்ளிகள். மூன்றாவது கரும் பியரான ஸ்டவுட். வறுத்த வாற்கோதுமை தரும் கோப்பிக் கசப்பும் இதமான வறட்சியும். 37. இறுதியாக ஹொப்ஸ் பூக்கள் தாராளமாகச் சேர்த்த ஐ.பி.ஏ. தோடம்பழத் தோலின் நறுமணம் நன்றாயிருந்தும் கசப்பு மற்றெல்லாவற்றையும் மூடிவிட்டது. 33. நான்கிலும் மதுசாரம் மிகுந்தது இந்தக் கடைசிப் பியரே. என் தாளில் அதற்குக் கிடைத்தது மூன்றாமிடம்.

நண்பரின் புள்ளிகள் வேறாக இருந்தன. ஐ.பி.ஏ.க்கே அவர் முதலிடம் கொடுத்தார். ஆனால் ஏன் அப்படி என்பதை அவராலும் என்னாலும் சொற்களில் எடுத்துரைக்க முடிந்தது. எண்ணை விட அந்த உரையாடலே பெறுமதியானது என்பேன்.

இம்முறைக்கும் குறையுண்டு. 2000ஆம் ஆண்டில் தோன்றி 2025இல் மூடப்பட்ட 'ரேட்பியர்' போன்ற இணையத்தளங்களில் பல்லாயிரம் பேர் இட்ட புள்ளிகளின்படி முன்னணியில் நின்றவற்றுட் பெரும்பாலானவை பத்து வீதத்தையும் தாண்டும் கனத்த கரும் பியர்களே. ஒரே மிடறில் தன்னை அறிவித்துக்கொள்ளும் வலிய பியர், அமைதியான நல்ல லாகரைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுகிறது. முன்வாசலால் துரத்தப்பட்ட போதை பின்வாசலால் நுழைந்துவிடும் என்பதற்கு இது சான்று. எனவே புள்ளிகளை வணங்கத் தேவையில்லை. எதற்குப் புள்ளி, எதற்கு இல்லை என்று தெளிவாக வகுத்துக்கொண்டு பேசும் பழக்கமே நாம் கற்க வேண்டியது.

இது குடியை ஊக்குவிக்கும் எழுத்து என்று சிலர் கோபிக்கக்கூடும். மது எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்பதை முப்பது வருடங்களாகச் செய்தியாக எழுதி வருபவன் நான். பாதுகாப்பான அளவென்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியதையும் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு கணக்கைப் பாருங்கள். பெங்களூரில் நான் அருந்திய நான்கு கிண்ணங்களும் சேர்ந்து 400 மில்லிலீற்றர். சராசரி ஐந்து வீதமென்றால் அதில் தூய மதுசாரம் 20 மில்லிலீற்றர். எமது கடைகளில் விற்கப்படும் 8.8 வீதப் பியர் 500 மில்லிலீற்றர் தகரம் ஒன்றில் 44. முன்னதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பின்னதைப் பத்து நிமிடத்தில் முடிப்பவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஏறுவதற்காகக் குடிப்பவருக்குச் சுவை ஒரு தடை. சுவைக்காகக் குடிப்பவருக்கு அவசரம் ஒரு தடை.

நான் இதை எழுதுவது வெளிநாட்டுப் பியருக்காக அன்று, பனங்கள்ளுக்காக. காய்ச்சிய இடத்திலேயே அன்றன்று பரிமாறுவது சிறு பியர்ச்சாலையின் பெருமை என்றால், எமது தவறணைக்கு அப்பெருமை எப்போதோ உரியது. பாளையிலிருந்து சொட்டும்போதே பனஞ்சாறு நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் இனிக்கும் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு, நாட்பட விட்டால் வினாகிரி. காலையில் இறக்கியதும் மாலையில் இறக்கியதும் ஒன்றல்ல. முட்டியின் சுத்தம், பாளை சீவிய கையின் பக்குவம், இறக்கிய நேரம் யாவும் பிளாவில் தெரியும். "இது இன்னாருடைய கள்ளு" என்று ஒரு மிடறிலேயே சொல்லக்கூடிய முதியவர்களை வடமராட்சியில் நான் அறிவேன். எந்தச் சான்றிதழும் பெறாத நடுவர்கள் அவர்கள்!

ஆனால் அந்த அறிவு ஏன் எழுத்தில் ஏறவில்லை? கள்ளைக் குடித்த கனவான்கள், அதை இறக்கியவரைச் சாதியின் பெயரால் படலைக்கு வெளியே நிறுத்தினார்கள். அவருடைய தொழிலில் நுட்பம் உண்டென ஒப்புக்கொள்வது அவரைக் கலைஞராக ஒப்புக்கொள்வதாகிவிடும். அதனைத் தவிர்ப்பதற்கு எளிய வழி, கள்ளைப் போதை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுவதே. அப்படியே செய்தார்கள்.

இதன் நட்டம் இன்றும் தொடர்கிறது. 1970களில் உருவான கூட்டுறவுச் சங்கங்கள் சீவல் தொழிலாளருக்கு ஓரளவு பாதுகாப்பை அளித்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. எனினும் பலருடைய கள்ளையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி அளவுக்கு மட்டும் விலை கொடுக்குமிடத்தில், முட்டியை நாள்தோறும் கழுவுபவருக்கும் கழுவாதவருக்கும் கிடைப்பது ஒரே பணம். உயிரைப் பணயம் வைத்து நாளுக்கு இரு தடவை மரமேறுபவரின் கைப்பக்குவத்துக்கு விலையில்லை என்றால், அவருடைய மகன் ஏன் மரமேற வேண்டும்?

புலம்பெயர் நாடுகளின் தமிழ்க் கடைகளில் போத்தலில் அடைத்த பனங்கள்ளு கிடைக்கிறது. லண்டனிலோ பாரிஸிலோ அதனை வாங்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊர் நினைவுக்காக மட்டும் அதைக் குடிக்காதீர்கள். முகர்ந்து பாருங்கள், புளிப்பும் இனிப்பும் எவ்விடத்தில் சந்திக்கின்றன என்று கவனியுங்கள், நன்றாயில்லையெனில் ஏன் நன்றாயில்லை என்று விற்பவருக்கு எழுதுங்கள். எந்த ஊர்ப் பனை, எந்த மாதம் இறக்கியது, இறக்கியவர் யார் என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால், இவை போத்தலின் மேலொட்டியில் இடம்பெறும் நாள் வரும். சீவல் தொழிலாளி ஒருவரின் பெயர் அச்சில் ஏறி, அப்பெயருக்காகவே ஒரு போத்தல் கூடுதல் விலைக்கு விற்பனையாகும் நாளே இத்தொழிலுக்கு விடிவு நாள். அதுவரை "எவ்வளவு ஏறும்?" என்ற கேள்வியையாவது நிறுத்திவைப்போம்.