பருப்பு வேகாத தண்ணீர்

ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள்தூள் போடு, நின்றுவிடும். இந்த நாட்டில் ஸ்டியரிங் பிடித்த பாதிப் பேருக்குத் தெரிந்த வைத்தியம் இது. நானும் போட்டேன். ஒழுகல் நின்றது. பதினோராவது நாள் என் வண்டியின் சிலிண்டர் ஹெட் கழன்று பட்டறை மேஜையில் கிடந்தது.

அந்த மஞ்சளுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். மஞ்சளைத் திட்டிவிட்டு “பேசாம புது ரேடியேட்டர் போட வேண்டியதுதானே” என்று சொல்பவர்களுக்கு எதிராகவும்.

முதலில் வண்டியைப் பற்றி. சான் ஸ்டார்ம். கோவாவில் தயாரான, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கண்ணாடியிழை உடம்பு கொண்ட திறந்த கார். உள்ளே ரெனோவின் 1149 சிசி எஞ்சின், 60 குதிரைத்திறன். இன்று கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கும் சாதாரணக் கார்கூட இதைவிட வேகமாகப் போகும். ஆனால் சின்ன வயதில் பத்திரிகைப் படத்தில் பார்த்து மனதில் ஒட்டிக்கொண்ட ஒன்றை, சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வாங்காமல் இருக்க முடிவதில்லை. வாங்கும்போதே அதில் கம்பெனி ரேடியேட்டர் இல்லை. முன்பு வைத்திருந்தவர் எங்கோ ஒரு பட்டறையில் செம்பும் பித்தளையுமாகக் கட்டி மாட்டியிருந்தார். எனக்கு அதுவும் ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

வைகாசி மாதம் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். சாத்தூர் தாண்டியதும் வெப்பமானி முள் ஏறத் தொடங்கியது. நாலுவழிச்சாலை ஓரம் வேலிக்கருவை நிழலில் நிறுத்திப் பார்த்தால் ரேடியேட்டரின் அடித்தொட்டி விளிம்பிலிருந்து சொட்டு. பக்கத்தில் நிறுத்தியிருந்த லாரிக்கார அண்ணன் மஞ்சள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன், அவர் மேல் தப்பில்லை. ஆளில்லாத ரோட்டில் வீடு போய்ச் சேர வேண்டியவனுக்கு அது சரியான மருந்துதான். அதையே குணமானதாக நினைத்துக்கொண்டதுதான் என் தப்பு.

வீட்டுக்கு வந்து, குறைந்த தண்ணீரை முற்றத்து போர் குழாயிலிருந்து பிடித்து ஊற்றினேன். மறுநாளும் கொஞ்சம் குறைந்தது, ஊற்றினேன். அதற்கடுத்த நாளும். பதினோராவது நாள் எட்டயபுரம் ரோட்டில் பானெட்டைச் சுற்றி ஆவி. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுவந்து நிறுத்திய அன்று அம்மா வாசலில் நின்று கேட்டார்: “ஏய்யா, எந்தத் தண்ணிய ஊத்துன?”

“போர் தண்ணிதாம்மா.”

“அந்தத் தண்ணில பருப்பே வேகாதே. அதைப் போயா ஊத்துன?”

நான்கு வருடம் பொறியியல் படித்தவன் நான். வெப்பப் பரிமாற்றத்துக்குத் தனித்தாள் எழுதித் தேறியிருக்கிறேன். குழாய்க்கு உள்ளே ஓடும் திரவத்துக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் இடையே எவ்வளவு வெப்பம் கைமாறும் என்று இன்றும் கணக்குப் போட்டுச் சொல்வேன். அந்தக் கணக்கில் ஓடிய தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பருப்பு ஏன் வேகவில்லை? தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் கரையாத கால்சியம் கார்பனேட்டாகிப் பாத்திரத்தில் படிகிறது. கரிசல் காட்டில் வெந்நீர் அண்டாவின் உட்புறம் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் படலத்தைத் தெரியும். ரேடியேட்டரும் ஓர் அண்டாதான். ஆனால் அதன் வழிகள் விரல் நுழையாத அளவுக்குத் தட்டையான குழாய்கள். செம்பு வெப்பத்தைக் கடத்துவதோடு ஒப்பிட்டால் இந்தச் சுண்ணாம்புப் படிவு அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கடத்தாது. மெல்லிய படலம் போதும், எஞ்சின் தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் தவிக்கும். போதாக்குறைக்குத் தண்ணீரிலுள்ள உப்பு, செம்பு ரேடியேட்டரும் அலுமினிய ஹெட்டும் ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் ஒரு சின்ன பேட்டரியையே உண்டாக்கி அலுமினியத்தை அரிக்கிறது.

ஊரில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி தொட்டியை உருக்கிப் பிரித்துக் காட்டினார். குழாய் வாய்களில் வெள்ளைச் சுண்ணாம்பு. அதன் மேல் பாயசத்தின் அடி பிடித்தது போல மஞ்சள் களி. பாதிக் குழாய்களில் கம்பி நுழையவில்லை. “தம்பி, ஓட்டை ஒரு இடத்துலதான் இருந்துச்சு. இப்ப அடைப்பு எல்லா இடத்துலயும் இருக்கு” என்றார். மஞ்சளுக்கு ஓட்டை எது வழி எது என்று தெரியாது. அது இண்டு இடுக்கு கண்ட இடத்தில் ஊறி உப்பி உட்கார்ந்துகொள்ளும். கடையில் விற்கும் ஸ்டாப் லீக் டப்பாக்களும் பெரும்பாலும் இதே வேலையை நாகரிகமாகச் செய்பவைதான். நாரோ துகளோ சோடியம் சிலிகேட்டோ போய் விரிசலில் இறுகிக்கொள்ளும். ஏற்கெனவே பாதி அடைத்த ரேடியேட்டரில் அவற்றை ஊற்றுவது மூச்சுத்திணறும் ஆளின் மூக்கைப் பொத்துவதற்குச் சமம்.

வண்டி நின்ற மறுநாள், அண்ணாச்சியிடம் போவதற்கு முன்பு, பெரிய நகரம் ஒன்றிலுள்ள ஒரு சர்வீஸ் சென்டருக்கு போன் செய்திருந்தேன். குளிர்சாதன வரவேற்பறையின் குரல். “ரேடியேட்டர் அசெம்பிளி மாத்தணும் சார். ஆனா இதுக்கு பார்ட் வராது. வித்துடறது பெட்டர்.” ஏன் ஒழுகியது, என்ன கூலன்ட், என்ன தண்ணீர் என்று ஒரு கேள்விகூட இல்லை. வேறு வண்டியின் அலுமினிய ரேடியேட்டர் ஒன்றைப் பொருத்திக்கொண்டு அதே போர் தண்ணீரை ஊற்றியிருந்தால் அதுவும் சில வருடத்தில் இதே கதிதான்.

‘அடை’ என்பவரும் ‘மாற்று’ என்பவரும் எதிரெதிர்க் கட்சிபோலத் தெரிவார்கள். முதலாமவர் நாட்டு வைத்தியம், இரண்டாமவர் நவீனம். எனக்கு இருவரும் ஒரே கட்சி. ஏன் ஒழுகியது என்று இருவருமே கேட்பதில்லை. ஒழுகல் என்பது வண்டி நமக்குச் சொல்லும் தகவல். ஒருவர் அந்த வாயை அடைக்கிறார், இன்னொருவர் சொன்னவரையே தூக்கிக் குப்பையில் போடுகிறார்.

இதை வெளியிலிருந்து நியாயம் பேசவில்லை. என் பிழைப்பும் இதுதான். மென்பொருளில் மெமரி லீக் என்று ஒன்று உண்டு. எடுத்த நினைவகத்தை நிரல் திருப்பித் தராமல் விடும், சர்வர் மெல்ல மெல்ல மூச்சடைத்து விழும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அதற்கு நாங்கள் கண்ட தீர்வு, தினமும் அதிகாலை மூன்று மணிக்கு சர்வரைத் தானாக ரீஸ்டார்ட் செய்வது. அதை எழுதியவன் நான். அதற்குப் பாராட்டு மின்னஞ்சல்கூட வந்தது. லீக் எங்கே என்று தேட ஒருவருக்கும் நேரமில்லை. அந்த மூன்று மணி ரீஸ்டார்ட் என் மஞ்சள்தூள்.

“சொகுசுக்கு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார், அதுக்கு ஒரு கட்டுரையா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்ற சாதியே ரேடியேட்டரில் பிறந்ததுதான். ஆரம்பகாலக் கார்களில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும், வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். 1901இல் வந்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு ரேடியேட்டரைச் செய்தார். 8,070 சின்னக் குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்தது அது. சக்தியை உண்டாக்குவது பாதி வேலை, உண்டான சூட்டை வெளியே அனுப்புவது மீதி வேலை என்று அந்த வண்டி காட்டிக்கொடுத்தது. இன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நாம் பெயின்டுக்குச் செலவு செய்கிறோம், சைலன்சர் சத்தத்துக்குச் செலவு செய்கிறோம், அலாய் வீலுக்குச் செலவு செய்கிறோம். உள்ளே ஊற்றுவது மட்டும் வாசல் குழாய்த் தண்ணீர். நான் உள்பட.

தவிர, என் கார் நின்றால் எனக்கு ஒரு விடுமுறை கெடும். இதே தண்ணீர்தான் உளுந்துக் காட்டில் உழும் டிராக்டருக்குள்ளும், தீப்பெட்டிப் பண்டல் ஏற்றும் மினி லாரிக்குள்ளும் போகிறது. அவர்களுக்கு ஹெட் கேஸ்கெட் போனால் ஒரு தவணை தவறும், ஒரு வெள்ளாமை பிந்தும். தண்ணீர் எல்லோருக்கும் ஒரே தண்ணீர், அடி மட்டும் ஆளுக்கேற்ற மாதிரி விழுகிறது.

இன்னொரு தரப்பும் உண்டு. “பழைய செம்பு ரேடியேட்டர், கைத்தொழில், அண்ணாச்சியின் அனுபவம்” என்று கண் கலங்குபவர்கள். அவர்களோடும் எனக்குச் சண்டைதான். அலுமினியம் மோசமான பொருளல்ல. எடை குறைவு, விலை குறைவு, வேலையும் நன்றாகச் செய்கிறது. அதில் பிளாஸ்டிக் தொட்டியை மடக்கி இறுக்கியிருப்பதால் நம் பட்டறை அடுப்பில் பற்றவைக்க முடிவதில்லை, அவ்வளவுதான். செம்பை ஏன் பற்றவைக்க முடிகிறது? ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 190 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும் என்பதால். அந்த ஈயப் புகையையும் திராவக நெடியையும் அண்ணாச்சி இத்தனை வருடமாக முகக்கவசம் இல்லாமல் சுவாசித்திருக்கிறார். அவர் மகன் அந்தப் பட்டறைக்கு வரமாட்டேன் என்கிறான். நான் அவன் பக்கம். புகை போக்கியும் நியாயமான கூலியும் கொடுக்காமல் கைத்தொழில் அழிகிறதே என்று கட்டுரை எழுதுவது நமக்கு எளிது.

பழுது பார்க்கும் உரிமை என்று இப்போது பேச்சு வந்திருக்கிறது. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அதற்கொரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. நல்லது. உதிரிபாகம் வேண்டும், கையேடு வேண்டும், இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆனால் கையேடு கைக்கு வந்த பிறகும் அதில் ‘சுத்தமான தண்ணீர்’ என்றுதான் இருக்கும். கோவில்பட்டியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

இங்கே தண்ணீருக்கு ஒரே பெயர் கிடையாது. நல்ல தண்ணி, உப்புத்தண்ணி, சவர்த்தண்ணி. தாமிரபரணியிலிருந்து சீவலப்பேரி வழியாகக் குழாயில் வருவது ஒன்று, கிணற்றில் ஊறுவது ஒன்று, போர் போட்டு உறிஞ்சுவது ஒன்று. எதில் சோறு வடிக்கலாம், எதில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது, எதைக் குளிக்க ஊற்றினால் தலைமுடி சிக்குப் பிடிக்கும் என்று இங்கே பத்து வயதுப் பெண்பிள்ளைக்குத் தெரியும். குடம் தூக்கிக் கற்ற அறிவு அது. கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி போட்டார். இலக்கியவாதிகள் கொண்டாடினோம். அந்தச் சொற்களில் பொறியியலும் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இந்திய தர நிர்ணயம் குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்றும் வரம்பு வைக்கிறது. என் அம்மா அந்த வரம்பைப் பருப்புச் சட்டியில் வைத்திருக்கிறார்.

செய்ய வேண்டியது ஒன்றும் மர்மமில்லை. கூலன்ட் அடர்திரவத்தைப் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி கலந்து ஊற்ற வேண்டும். வெறும் வடிநீர் போதாது, துருவைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. பாஸ்பேட் உள்ள கூலன்டைக் கடினத் தண்ணீரில் கலந்தால் அதுவும் படிவாகும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பாஸ்பேட்டைத் தவிர்ப்பது இதனால்தான். ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பார்க்க வேண்டும். 0.9 பார் அழுத்தத்தை அது பிடித்துவைத்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது, விட்டுவிட்டால் 100லேயே கொதிக்கும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. வழியில் ஒழுகினால் மஞ்சள் போட்டு வீட்டுக்கு வாருங்கள். வந்த அன்றே கழற்றுங்கள்.

அண்ணாச்சி குழாய்களைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, அடித்தொட்டியைப் புதிதாகப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துக் கொடுத்தார். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன் செய்தோம். மொத்தச் செலவில் பதினைந்து நாள் விடுமுறையின் சம்பளம் போனது.

வண்டியை எடுக்கப் போன அன்று பட்டறைச் சுவரில் கரித்துண்டால் புதிதாக எழுதியிருந்தது: ‘என்ன தண்ணி ஊத்துனீக?’ இனி வரும் வண்டிக்காரர்களிடம் முதலில் அதைத்தான் கேட்கப் போவதாகச் சொன்னார். திங்கட்கிழமை அலுவலகம் திரும்பியதும் அந்த மூன்று மணி ரீஸ்டார்ட் எழுதிய பழைய இடத்து நண்பனுக்கு போன் செய்தேன். அது இன்னும் ஓடுகிறதாம்.