கருவியினும் பயின்ற கை பெரிது

குளவி கொட்டிய சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியன தோன்றுமாயின் அது உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமையாகும். அதற்கு முதல் மருந்து அட்ரினலின். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தக்காமினே பிரித்தெடுத்த பழைய மருந்து அது.

அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டு முதல் இம்மருந்து, தொடையில் அழுத்தியதும் தானே பாயும் பேனா வடிவக் கருவியிலும் கிடைக்கிறது. பெரியவர்க்கு உரிய 0.3 மில்லிகிராம் முன்னரே அளந்து வைக்கப்பட்டிருப்பதே அதன் சிறப்பு. ஆயினும் 2016-இல் இரு பேனாக்களின் விலை சுமார் 600 டாலர். உள்ளிருக்கும் மருந்தோ மலிவானது.

நம் நாட்டில் அக்கருவி அரிது. அதற்காகக் காத்திருத்தல் தகாது. தடுப்பூசி முகாம்களில் அட்ரினலின் ஆம்பூலும் சிரிஞ்சும் அடங்கிய பெட்டி உண்டு. பயிற்சி பெற்ற துணைச் செவிலியர், முதல் ஊசியைத் தொடையின் வெளிப்புறத் தசையில் தாமே செலுத்தலாம். இவ்வேற்பாடு முகாம் நாளோடு நின்றுவிடலாகாது. பள்ளிகளை அடுத்த துணைச் சுகாதார நிலையங்களில் எந்நாளும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஆசிரியர்கள் குறிகளை அறிந்து, தாமதியாது செவிலியரை அழைத்தல் வேண்டும். ஒவ்வாமை மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

கருவி பின்னர் வரட்டும். பயின்ற கை முன்னே வரவேண்டும்.