கடன் கொடுத்துக் கைகழுவும் அரசு



கொடைக்கானல் மலையில் வெள்ளகவி என்றொரு ஊர். வட்டக்கானலிலிருந்து காட்டுவழியே இறங்கவேண்டும். அல்லது கும்பக்கரையிலிருந்து ஏறவேண்டும். சாலை இல்லாமலேயே பல தலைமுறைகளை ஓட்டிய ஊர். அங்கே யாரும் செருப்புப் போடுவதில்லை என்று மலையேற்றக்காரர்கள் வியந்து எழுதுகிறார்கள். நோயாளியை டோலி கட்டித் தூக்கிய தோள்களைப் பற்றி எழுத அவர்களுக்கு நேரமில்லை.

இப்படிப்பட்ட மலையூரிலிருந்தோ சேரியிலிருந்தோ ஒரு பொண்ணு நர்சிங் படிக்கக் கிளம்பினால் அரசு என்ன சொல்கிறது? 'லோன் வாங்கிப் படி' என்கிறது.

வங்கிக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். 4 லட்சம் வரை அடமானமோ அந்நியர் ஜாமீனோ கேட்கக்கூடாது என்பது விதி. கவுண்டரில் நடப்பது வேறு. 'ஒங்கப்பா சிபில் சரியில்லையேம்மா' என்று அனுப்பிவிடுகிறார்கள். அதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, கிடைத்தே விட்டது என்று வைப்போம். 4 லட்சம், 10 சதவீத வட்டி, 10 வருடம்: மாதத் தவணை சுமார் 5,300 ரூபாய். 2015-ல் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைக்குள் வந்த ஒப்பந்தச் செவிலியர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த தொகுப்பூதியம் 7,700. மிச்சத்தில் அவள் எதைத் தின்பது? சின்னத் தனியார் மருத்துவமனையிலும் 20,000-க்குக் குறையக்கூடாது என்று 2016-ல் உச்சநீதிமன்றம் சொல்லி அமைத்த குழு பரிந்துரைத்தது. பரிந்துரை கூலியாகவில்லை.

வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது அம்பேத்கர் போராடி வாங்கியது கடன் அல்ல, உதவித்தொகை. 1944-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் தொடர்ச்சிதான் இன்றைய போஸ்ட் மெட்ரிக். 2012-ன் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. பிறகு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். கவுன்சிலிங் என்ற சொல்லையே கேள்விப்படாத பொண்ணை ஏஜென்ட் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஒதுக்கீட்டில்தான். உதவித்தொகை போய்விடும், கடன்தான் கதி. உரிமை கடனாக மாறுவது இப்படித்தான்.

வசூலிப்பது கல்லூரி முதலாளி; வட்டி வங்கிக்கு; உழைப்பு மருத்துவமனைக்கு; கடன் மட்டும் நம் பிள்ளையின் தலையில்.

மாணவத் தோழர்கள் செய்யவேண்டியது: பிளஸ் டூ முடிவு வருமுன் ஊர் ஊராகப் போங்கள். கவுன்சிலிங் விண்ணப்பத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்க வையுங்கள். வங்கி வாயால் மறுத்தால் திரும்பிவராதீர்கள்; எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னால் பல கிளைகள் இறங்கிவரும்.

அரசிடம் நாம் கேட்பது: நிர்வாக ஒதுக்கீடானாலும் அரசு நிர்ணயித்த கட்டணத்தை அரசே கட்டு. ஒப்பந்தம் ஒழித்து நிரந்தர வேலை கொடு.