காந்தம் ஒட்டாத இடம்

பழைய மினி கூப்பருக்கு நியாய விலை என்று ஒன்று கிடையாது, ஆசைப்பட்டவர் கொடுப்பதே விலை என்கிறார் நண்பர். நான் ஏற்கமாட்டேன். ஆசைக்குப் பணம் கொடுக்கலாம். கறளுக்கு ஏன் கொடுக்கவேண்டும்?

ஈச்சிலம்பற்றில் ஓலைக் கொட்டிலுக்குள் நிற்கும் ஒரு மினியைப் போன மாதம் பார்த்தேன். சிவப்புப் பெயின்ற் பளபளக்கிறது. துணி சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழே வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. தகடே இல்லை, வெறும் பட்டி. கடற்காற்றின் உப்புத் தின்ற இடம். உள்ளே மிதியடியைத் தூக்கினேன், நிலத்து மண் தெரிந்தது.

பின்னால் ‘கூப்பர் எஸ்’ என்ற பெயர்த்தகடு. 1964, 1965, 1967 மொண்டி கார்லோ ரலியை வென்ற பெயர். அதற்கு மதிப்பு உண்டுதான். ஆனால் அசல் கூப்பர் எஸ்ஸில் கார்பரேற்றர் இரண்டு, முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக். இதில் கார்பரேற்றர் ஒன்று, டிஸ்க்கும் இல்லை. என்ஜின், சேஸி இலக்கங்களை வாகனப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் பெயருக்குக் காசு எண்ணுவதா?

இலங்கையின் வாகன இறக்குமதித் தடையையும் நண்பர் இழுக்கிறார். 2020 மார்ச்சில் வந்த தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் நீங்கிவிட்டது. தடைக்காலத்தில் எவரோ கொடுத்த தொகையை இன்றும் அளவுகோலாக்குவது அநியாயம்.

கறளில்லாத சாதாரண மினி உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். தகடு வெட்டி ஒட்டும் கூலியை டிங்கரிடம் கேட்டுக் கழியுங்கள். ஈச்சிலம்பற்று மினிக்கு நான் சொன்ன தொகை அப்படி வந்ததுதான். சொந்தக்காரர் கோபிக்கவில்லை, காந்தத்தை வாங்கி மற்றக் கதவடியிலும் வைத்துப் பார்த்தார்.