கார் ஏன் விடுபட்டது?

பழுதுபார்ப்புக் குறியீட்டைச் செல்பேசிகளிலும் கைக்கணினிகளிலும் தொடங்கினால் போதும் என்று டெல்லியில் எடுக்கப்பட்ட முடிவு, கார் உரிமையாளர்களை, அதிலும் சொகுசு கார்களைத் தம் கையாலேயே பராமரித்துவரும் உரிமையாளர்களை, மீண்டும் ஒருமுறை வாசலில் நிறுத்திவிட்டது. ஒரு பொருளைப் பிரித்துப் பார்ப்பது எளிதா, அதன் உதிரிபாகம் நியாயமான விலையில் கிடைக்கிறதா, பழுதுநீக்கும் கையேடு தரப்படுகிறதா என்பவற்றைக் கணக்கிட்டு விற்பனையின்போதே வாங்குபவருக்குக் காட்டப்படும் மதிப்பெண்ணே பழுதுபார்ப்புக் குறியீடு எனப்படுகிறது. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழு அமைக்கப்பட்டபோது வேளாண் கருவிகள், செல்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களும் நான்கு துறைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. 2025 மே மாதம் குறியீட்டுக்கான அறிக்கை கையளிக்கப்பட்டபோது அது செல்பேசி, மின்னணுப் பொருட்களோடு நின்றுபோயிருந்தது. கார்களுக்கு எஞ்சியிருப்பது 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கப்பட்ட இணையதளம் ஒன்றே; அதில் நிறுவனங்கள் தாம் விரும்பினால் இணையலாம், தாம் விரும்பிய தகவலைத் தரலாம்.

சொகுசு கார் உரிமையாளருக்காக ஒரு தலையங்கம் பரிந்து பேச வேண்டுமா என்ற கேள்வி எழக்கூடும். புதிய காரை வாங்கி, பராமரிப்பு ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் விற்றுவிடும் முதல் உரிமையாளர் போனட்டைத் திறப்பதே அரிது. அவரிடமிருந்தோ அவருக்கு அடுத்தவரிடமிருந்தோ எட்டு, பத்து ஆண்டுகள் ஓடிய காரை, புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்கு வாங்குபவரே இங்கு பேசப்படுபவர். அவர் பெரும்பாலும் நடுத்தர வருவாய்க்காரர். இயந்திரத்தின் மீது பற்றுடையவர். ஓய்வு நாளில் காரை ஜாக்கியில் ஏற்றிவைத்து, ஸ்பேனர் செட்டை விரித்துக்கொண்டு, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கேட்கும் தொகையைக் கொடுக்க இயலாததாலும் கொடுக்க மனமில்லாததாலும் தாமே வேலையில் இறங்குபவர். இத்தகையவர்களின் உழைப்பால்தான் நல்ல பொறியியல் வேலைப்பாடுள்ள கார்கள் பத்தாம் ஆண்டைக் கடந்தும் சாலையில் ஓடுகின்றன.

அவர்களைத் தடுப்பது திறமைக் குறைவோ உதிரிபாகப் பற்றாக்குறையோ அன்று. நோய்க்கூறறியும் மென்பொருளின் மீது போடப்பட்டிருக்கும் பூட்டே முதன்மையான தடை. காருக்குள் இயங்கும் பல சிறு கணினிகளோடு பேசி, பழுதுக் குறியீடுகளைப் படித்து, புதிதாகப் பொருத்திய பாகத்தைக் காருக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருளே இப்பெயரால் குறிக்கப்படுகிறது. பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸ் பென்ஸுக்கு எக்ஸென்ட்ரி, ஆடி உள்ளிட்ட ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கு ஓடிஸ் என ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. முன்பு ஸ்பேனரால் முடிந்த வேலைகள் பலவும் இன்று இம்மென்பொருளின் ஒப்புதல் இன்றி நிறைவுபெறுவதில்லை.

பேட்டரி மாற்றுவதையே எடுத்துக்கொள்ளலாம். பல பிஎம்டபிள்யூ கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஓர் உணரி பொருத்தப்பட்டிருக்கிறது. பேட்டரி எவ்வளவு முதுமை அடைந்திருக்கிறது என்பதை அது கணித்துச் சொல்ல, கணினி அதற்கேற்ப மின்னூட்டத்தை அமைத்துக்கொள்கிறது. உரிமையாளர் கடையில் வாங்கிய புதிய பேட்டரியைச் சரியாகவே பொருத்தினாலும், அதை மென்பொருள்வழி பதிவு செய்யாவிட்டால் கணினி பழைய பேட்டரியே இருப்பதாகக் கருதி அதற்குரிய அளவில் மின்னூட்டிக்கொண்டிருக்கும். புதிய பேட்டரியின் ஆயுள் குறையும். பின்சக்கர பிரேக் பேடுகளின் நிலையும் இதுவே. கைப்பிரேக் நெம்புகோலுக்குப் பதிலாகப் பொத்தான் வந்த பிறகு, காலிப்பரில் உள்ள சிறு மோட்டாரே பிஸ்டனை இறுக்குகிறது. அந்த மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனை அழுத்தித் தள்ளினால் உள்ளிருக்கும் பொறியமைப்பு கெட்டுவிடும். அந்தக் கட்டளையைத் தருவதற்கும் ஸ்கேனர் வேண்டும்.

கியர்பாக்ஸ் எண்ணெய் விவகாரம் இவற்றினும் கொடியது. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் தயாரிக்கும் தானியங்கி கியர்பாக்ஸ்கள் பல சொகுசு கார்களில் உள்ளன. தன் கியர்பாக்ஸ்களில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றுமாறு அந்நிறுவனமே பரிந்துரைக்கிறது. அதே கியர்பாக்ஸைப் பொருத்தி விற்கும் கார் நிறுவனங்களோ, அதில் இருப்பது வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டாம் என்று சொல்லிவந்திருக்கின்றன. இதை நம்ப மறுத்து, காரின் அடியில் படுத்து, வடிகட்டியோடு ஒன்றாக வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் தொட்டியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, அதன் போல்ட்டுகளை வரிசை பிறழாமல் இறுக்கும் உரிமையாளருக்கும் கடைசிக் கட்டத்தில் மென்பொருள் தேவைப்படுகிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெயின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வரம்புக்குள் இருக்கும்போது, நிரப்பும் துளையிலிருந்து எண்ணெய் மெல்லிய இழையாக வழியத் தொடங்கினால்தான் அளவு சரி என்று கொள்ள வேண்டும். அந்த வெப்பநிலையைக் காரின் கணினியிடமிருந்து கேட்டறிய வேண்டும். அது தெரியாமல் நிரப்பினால், எண்ணெய் கூடினாலும் குறைந்தாலும் பல லட்ச ரூபாய் கியர்பாக்ஸ் பாழாகும். ஆக, நிறுவனம் செய்ய மறுக்கும் பராமரிப்பை உரிமையாளர் செய்ய முன்வரும்போது அதற்கான வெப்பநிலை அளவைக்கூடத் தர வேண்டிய கடமை எவருக்கும் இங்கு விதிக்கப்படவில்லை.

இந்தப் பூட்டு ஆண்டுக்கு ஆண்டு இறுகிவருகிறது என்பதையே முடிவெடுத்தவர்கள் கருதிப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 ஊசிச் செருகுவாயில், ஓபிடி போர்ட் என மெக்கானிக்குகள் அழைக்கும் இடத்தில், வெளிச்சந்தை ஸ்கேனரைச் செருகிப் பெரும்பாலான வேலைகளை முடித்துவிடும் காலம் ஒன்று இருந்தது. ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2020-ஐ ஒட்டி வெளியிட்ட மாதிரிகளிலிருந்து எஸ்எஃப்டி என்ற காப்பு முறையைப் புகுத்தியது. கணினியின் குறிப்பிட்ட அமைப்புகளை மாற்ற வேண்டுமெனில் நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஒருமுறைக்கான திறவுகோலைப் பெற்றாக வேண்டும், அதுவும் சிறிது நேரத்துக்கே செல்லும். பிற நிறுவனங்களும் இதே வழியில் செல்கின்றன. மெர்சிடிஸ் தன் ஈக்யூஎஸ் மின்காரில் போனட்டையே உரிமையாளர் திறக்க வேண்டியதில்லை என்று வடிவமைத்து, கண்ணாடி கழுவும் நீரை ஊற்றப் பக்கவாட்டில் சிறு மூடி ஒன்றை மட்டும் வைத்தது. சென்னையை அடுத்த சிங்கப்பெருமாள் கோவில் அருகே 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்கள் ஒருங்கிணைக்கப்பட்டு வருகின்றன. அங்கு உருவான காரைச் சென்னையின் சாதாரண ஒர்க்‌ஷாப் ஒன்றில் அதன் உரிமையாளரே மெக்கானிக்கோடு சேர்ந்து சரிசெய்ய முற்பட்டால், அவர்கள் திருட்டுத்தனமாகப் பரவும் மென்பொருள் நகலை நாட வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். நேர்மையான குடிமக்களை இவ்வாறு குறுக்குவழிக்குத் துரத்துவது அரசின் வேலையாக இருக்கக் கூடாது.

வேறு நாடுகளில் இதற்கு விடை காணப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லும் 2020-லும் மக்கள் வாக்களித்தே இவ்வுரிமையைப் பெற்றார்கள்; அந்நாட்டில் பிஎம்டபிள்யூவின் பழுதுநீக்கத் தகவல் தொகுப்பை ஒரே ஒரு நாளுக்குச் சந்தா செலுத்தித் தனிநபரும் பெறலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ஆம் ஆண்டு வாகன ஒழுங்குமுறைச் சட்டம் செருகுவாய் வழியான அணுகலைக் கட்டாயமாக்கியது. அச்சட்டம் சொல்லாத கூடுதல் நிபந்தனைகளை நிறுவனங்கள் விதிக்க இயலாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அங்கெல்லாம் சட்டம் கேட்டது, நிறுவனங்கள் கொடுத்தன. இங்கே கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பாதுகாப்பு, திருட்டு ஆகிய இரண்டும் மறுப்பாக முன்வைக்கப்படுகின்றன. ஏர்பேக், உயர் மின்னழுத்த பேட்டரி, சாவிக் குறியீடு ஆகியவற்றைத் தனியே காப்பதை எவரும் எதிர்க்கவில்லை. பேட்டரியைப் பதிவு செய்வதற்கும் காரைத் திருடுவதற்கும் தொடர்பில்லை. தவிரவும், அரைகுறைத் தகவலோடு பிரேக் பேடு மாற்றுபவரைவிட முழுத் தகவலோடு மாற்றுபவரே பாதுகாப்பானவர்.

இந்த முடிவு தற்செயலான தவறாக இருந்திருப்பின் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மோட்டார் வாகனங்கள் குறித்து முடிவெடுக்கும் இதே வட்டாரம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இப்படியேதான் நடந்துவந்திருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் பென்ஸ் உள்ளிட்ட 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களின் மீது சராசரியாக 100 விழுக்காடும் சிலவற்றில் 5,000 விழுக்காடு வரையிலும் விலை ஏற்றப்பட்டிருந்ததை விசாரணை கண்டறிந்தது. உதிரிபாகங்களையும் நோய்க்கூறறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக உத்தரவாதத்தை மறுக்கும் நிபந்தனை கூடாது என்றும் ஆணையம் தெளிவாகவே எழுதியது. நிறுவனங்கள் தீர்ப்பாயத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றன. அது அவற்றின் உரிமை. ஆனால் வழக்கு நடந்த காலம் முழுவதும் அந்த உத்தரவின் சாரத்தை மோட்டார் வாகன விதிகளில் சேர்ப்பதை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை. செய்யத்தான் ஆளில்லை. புகை மாசைக் கண்காணிக்கும் பொருட்டு ஒவ்வொரு காரிலும் செருகுவாய் இருந்தாக வேண்டும் என்று விதி வகுக்கத் தெரிந்தவர்களுக்கு, அதே செருகுவாய் வழியே உரிமையாளருக்கும் பதில் கிடைக்க வேண்டும் என்று இன்னொரு வரி சேர்க்க மனம் வரவில்லை.

மாறாக, பராமரிப்பைத் தண்டிக்கும் விதிகள் மட்டும் விரைவாகவே வந்தன. டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் 2025 ஜூலை 1 முதல் எரிபொருள் இல்லை என்று அறிவித்து, மக்களின் கோபத்தைக் கண்டதும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். அதற்குள் அஞ்சி நல்ல நிலையிலிருந்த சொகுசு கார்களை அடிமாட்டு விலைக்கு விற்றவர்களின் இழப்பை எவரும் ஈடுசெய்யவில்லை. அடுத்த மாதமே, இருபது ஆண்டு கடந்த இறக்குமதி கார்களுக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 80,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு கார் எப்படிப் பராமரிக்கப்பட்டிருக்கிறது, அதன் புகைக்குழாயிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று ஆராய்வதை விடுத்து, அதன் பிறந்த ஆண்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதும் இந்த மனப்போக்கும், உரிமையாளர் கையில் பழுதுநீக்கத் தகவலைத் தர மறுக்கும் மனப்போக்கும் ஒன்றே. இரண்டின் விளைவாகவும் ஓடக்கூடிய கார்கள் உடைக்கப்படுகின்றன, புதிய கார்கள் விற்கின்றன. இதனால் ஆதாயம் பெறுபவர் யார் என்று முடிவெடுத்தவர்கள் ஒருநாளும் தம்மைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

தாமாக முன்வந்து தகவல் தருமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது. கார்களையும் பழுதுபார்ப்பு உரிமையின் எல்லைக்குள் கொண்டுவந்து, மென்பொருள் அணுகலுக்குச் சட்ட வலுவுள்ள உறுதியான ஏற்பாட்டை அரசு செய்தாக வேண்டும். அதற்கான அடிப்படை வாசகம் 2014-ஆம் ஆண்டு உத்தரவிலேயே இருக்கிறது. குறியீட்டின் அடுத்த கட்டப் பட்டியலிலும் கார் இடம்பெறாவிட்டால், அது கவனக்குறைவால் விடுபட்டது என்ற விளக்கத்தை இனி எவரும் ஏற்கப் போவதில்லை.