பேசித் தீர்க்கும் மன்னிப்பு

வருத்தம், மன்னிப்பு, நன்றி, அன்பு என்று நாலு வாக்கியங்களைக் கண்ணை மூடிச் சொன்னால் மனக்காயம் ஆறிவிடும் என்று ஒரு வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். ஹவாய் தீவுகளின் ‘ஹோஒபோனோபோனோ’ என்பார்கள். நானும் என் தங்கையை நினைத்து ஒரு மாதம் சொன்னேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது!

தனியாகச் செய்யும் முறை பிற்காலத்தது. 1976-ல் மோர்னா சிமியோனா என்ற ஹவாய்ப் பெண்மணி மாற்றியமைத்ததிலிருந்து கிளைத்தது. பழைய வழக்கத்தில் குடும்பமே கூடி உட்காரும். மேரி கவேனா புகுயியும் சேர்ந்து எழுதி, 1972-ல் வந்த ‘நானா ஈ கே குமு’ நூலில் அது விவரமாக இருக்கிறது.

முதலில் பிரார்த்தனை. பிறகு பிரச்னை. கோபத்தில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. நடுவில் இருக்கும் பெரியவரிடம்தான் சொல்ல வேண்டும். பதிலுக்குப் பதில் பேசித்தானே பாதிச் சண்டை வளர்கிறது? குரல் உயர்ந்தால் ‘ஹோஒமாலு’ என்று நிறுத்திவிடுவார். கொஞ்ச நேரம் எல்லோரும் மௌனம்.

தப்பு செய்தவர் ஒப்புக்கொண்டு மன்னிப்பு கேட்க வேண்டும். எதையாவது எடுத்திருந்தால் திருப்பித் தர வேண்டும். அதோடு, காயப்பட்டவரும் மனதார விட்டுவிட வேண்டும். இதற்குப் பெயர் ‘கலா’, அவிழ்த்துவிடுதல். மனஸ்தாபத்தை ‘ஹிஹியா’, அதாவது சிக்கல் என்பார்கள். இரண்டு பேர் மனதிலும் விழுந்த சிக்கல் அது. ஒருவர் மட்டும் அவிழ்த்தால் போதாது.

கடைசியில் பிரார்த்தனை, எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. தீர்த்துவிட்ட விஷயத்தை அதன்பிறகு யாரும் கிளறக்கூடாது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கஷ்டம்.