பட்ஜெட் கேமிங் பொட்டிக்கு எந்த டிஸ்க்? ஒரு வங்கிக்காரன் கணக்கு

டிஸ்கி: நான் பி.காம். படிச்ச வங்கிக்காரன், கம்ப்யூட்டர் எஞ்சினியர் இல்லை. ஆனா வரவு செலவு பார்க்கத் தெரியும். டிஸ்க் வாங்க அது போதும் :-)

போனக்காட்டுல இருக்கிற அக்கா பையன் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றான். கடையில குடுத்த கொட்டேஷனை அனுப்பி, "மாமா, டிஸ்க் மட்டும் சரியான்னு பாருங்க"ன்னான். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., கூடவே 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். இங்க துபாய்ல இருக்கிற நம்ம மக்கள்ல பலரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதே ஜோடியைத்தான் வாங்கித் தர்றாங்க. அதான் பொதுவா ஒரு பதிவு.

என் கருத்து இதுதான்: அந்த ஜோடி வேண்டாம். அதே காசுக்குக் கொஞ்சம் மேல போட்டு, ஒரே ஒரு 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. வாங்குங்க.

ஏன்? 256 ஜி.பி.ன்னு போட்டிருந்தா விண்டோஸ்ல 238தான் தெரியும். விண்டோஸும் மத்த சாஃப்ட்வேரும் போக மிஞ்சுறதுல பெரிய கேம் ஒண்ணு ஏறினாலே அதிசயம். பால்டர்ஸ் கேட் 3 மட்டுமே 150 ஜி.பி. கேக்குது. மத்ததெல்லாம் ஹார்ட் டிஸ்குக்குத்தான் போகணும். அங்கதான் சிக்கல். 2023ல வந்த பால்டர்ஸ் கேட் 3, ஸ்டார்ஃபீல்ட் ரெண்டுமே எஸ்.எஸ்.டி. கட்டாயம்னு சொல்லுது. சைபர்பங்க் 2077கூட 2023 அப்டேட்டோட ஹார்ட் டிஸ்கைக் கைவிட்டுடுச்சு. ஆக, புது கேமைப் பொறுத்தவரைக்கும் அந்த 1 டி.பி. எங்க பாஷையில வாராக்கடன். புத்தகத்துல சொத்துன்னு இருக்கும், கைக்கு வராது.

வேகத்துக்கு எவ்வளவு குடுக்கலாம்?

ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150லேருந்து 250 எம்.பி. வரைக்கும் படிக்கும். அதுவும் ஃபைல் வரிசையா இருந்தாத்தான். சின்னச் சின்ன ஃபைலைத் தேடி முள் ஓட ஆரம்பிச்சா வேகம் படுத்துடும். சாட்டா எஸ்.எஸ்.டி. 550 எம்.பி. மூணாம் தலைமுறை என்.வி.எம்.இ. 3,500, நாலாம் தலைமுறை 7,000.

ஹார்ட் டிஸ்க்லேருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறினா கண்ணுக்கே தெரியும். ஆனா 3,500லேருந்து 7,000க்குப் போனா பெரும்பாலான கேம்ல லோடிங் நேரம் ஒண்ணு ரெண்டு விநாடிதான் குறையும். அந்த வேகத்தைப் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் 2022ல டைரக்ட் ஸ்டோரேஜ் கொண்டுவந்தாங்க. அதை எடுத்துக்கிட்ட கேம்கள் இன்னும் கம்மி. பெட்டியில இருக்கிற பெரிய நம்பரைப் பார்த்து மயங்காம, அந்தக் காசை கிராஃபிக்ஸ் கார்டுல போடுங்க.

ஆயுசு எவ்வளவு?

டி.எல்.சி., கியூ.எல்.சி.ன்னு ரெண்டு வகை சிப் உண்டு. ஒரு செல்லுல முதல் வகை 3 பிட் வைக்கும், ரெண்டாவது 4 பிட். கியூ.எல்.சி. மலிவு. ஆனா பெரிய ஃபைலை எழுதும்போது கேஷ் நிரம்பிட்டா வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கிடும். ஆயுசும் கம்மி. உதாரணமா 1 டி.பி. டி.எல்.சி. டிஸ்க்குகள் பலதுக்கு 600 டி.பி. வரைக்கும் எழுத உத்தரவாதம் உண்டு. குரூஷியல் பி3ங்கிற கியூ.எல்.சி. டிஸ்குக்கு 220. தினமும் 50 ஜி.பி. எழுதினாக்கூட அந்த 220 தீர 4,400 நாள், அதாவது 12 வருஷம். அதனால விலை வித்தியாசம் சின்னதா இருந்தா டி.எல்.சி., பெருசா இருந்தா கியூ.எல்.சி. வாங்கினாலும் குடி முழுகிடாது.

மலைநாட்டுக் கணக்கு வேற

திருவனந்தபுரத்துக்காரங்களுக்கு மேல சொன்னது போதும். அகஸ்தியர்கூடம் ஏறப் போறவங்க கிளம்புற இடம் போனக்காடு. தேயிலைக் காட்டுக்கு நடுவுல, லயத்துல, மொபைல் நெட்டை நம்பி இருக்கிற பிள்ளைகளுக்கு வேகத்தைவிட டவுன்லோடுதான் பெரிய செலவு. ஹெல்டைவர்ஸ் 2 கேம் பி.சி.யில 154 ஜி.பி. பிடிச்சுது. நாளைக்கு 2 ஜி.பி. பேக்ல அதை இறக்க 77 நாள்! ஹார்ட் டிஸ்க் வச்சிருக்கிறவங்களுக்காக ஒரே ஃபைலைப் பல நகலா போட்டு வச்சதுதான் காரணம். 2025 டிசம்பர்ல நகலை நீக்கி 23 ஜி.பி.யா குறைச்ச பதிப்பை விட்டாங்க. இப்ப 12 நாள். எல்லாக் கம்பெனியும் இப்படி மனசு வைக்கும்னு சொல்ல முடியாது.

இந்த மாதிரி இடத்துல ஒரு தடவை இறக்கினதை அழிக்கவே கூடாது. அதுக்குத்தான் ஹார்ட் டிஸ்க். பொட்டிக்குள்ள வேண்டாம், வெளியில யு.எஸ்.பி.ல சொருகுற மாதிரி வாங்குங்க. விதுரையிலயோ திருவனந்தபுரத்துலயோ நல்ல நெட் இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுல, ஸ்டீம்ல இறக்கி அதுல நகல் எடுத்துட்டு வரலாம். விளையாடும்போது எஸ்.எஸ்.டி.க்கு மாத்திக்கலாம். அரிசி மூட்டை ஸ்டோர் ரூம்ல, அன்னைக்கு வேண்டியது அடுப்படியில, அவ்வளவுதான். பிள்ளையோட சர்டிஃபிகேட் ஸ்கேன், குடும்ப போட்டோவுக்கும் அதுல ஒரு நகல் போட்டுடுங்க. எஸ்.எஸ்.டி. பல சமயம் முன்னறிவிப்பு இல்லாம ஒரேயடியா போயிடும்.

வாங்கி அனுப்புறவங்க கவனத்துக்கு

1. 16 டி.பி. வெளி எஸ்.எஸ்.டி. அடிமாட்டு விலைக்குன்னு விளம்பரம் வந்தா தொடாதீங்க. உள்ள ஒரு மெமரி கார்டை வச்சு, அளவைப் பொய்யா காட்டுற மோசடி அது. எந்த டிஸ்க் வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி இலவசக் கருவியில முழுசா எழுதிப் பார்த்துடுங்க.

2. இங்க வாங்கினா வாரண்டி இந்தியாவுல செல்லுமான்னு பில் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. சூட்கேஸ்ல போற டிஸ்குக்கு அது முக்கியம்.

3. 2025 கடைசியிலேருந்து ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புக்கு அடிதடி. மைக்ரான் நிறுவனம் குரூஷியல் பேர்ல பண்ணிட்டிருந்த சில்லறை வியாபாரத்தையே விடுறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சுது. விலை இறங்கட்டும்னு காத்திருந்தா பிள்ளையோட பரீட்சை லீவே முடிஞ்சுடும். 1 டி.பி.க்குக் கை எட்டலையா, ரெண்டு எம்.2 ஸ்லாட் இருக்கிற மதர்போர்டு எடுத்து இப்போதைக்கு 512 ஜி.பி. போடுங்க. அடுத்த தீபாவளிக்கு இன்னொண்ணு சேர்த்துக்கலாம்.

4. எதை வாங்கினாலும் விலையை ஜி.பி.யால வகுத்துப் பாருங்க. 256 ஜி.பி.தான் பெரும்பாலும் ஜி.பி. கணக்குல அதிக விலையா நிக்கும்.

வெளிநாட்டுல இருக்கிற நாம அனுப்புற காசுல பாதி, கடைக்காரர் ஸ்டாக்ல தேங்கினதைத் தீர்க்கவே போகுது. கொட்டேஷனை ஒரு தடவை வரி வரியா படிச்சுட்டு அனுப்புங்க மக்களே.